பல்லில் கோளாறு இல்லை, ஆனாலும் தாடை வலிக்கிறது: தசைதான் காரணமா?

கடைவாய்ப் பல் வலிக்கிறது, எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருக்கிறது, பிறகு வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மெல்லும் தசைகளைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே, கன்னத்தில் விரல்களை வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் கெட்டியாகப் புடைப்பது மாசெட்டர் தசை. இப்போது தாடையைத் தளர்த்திவிட்டு அதே இடத்தை அழுத்திப் பாருங்கள். உங்களுக்குப் பழகிய அதே வலி பல்லிலோ காதிலோ கிளம்பினால், காரணம் தசையாக இருக்க வாய்ப்பு அதிகம். இறுகிய தசை தன் வலியை வேறிடத்தில் காட்டும். நெற்றிப்பொட்டில் விரிந்திருக்கும் டெம்போராலிஸ் தசை மேல்பற்களில் காட்டும். கழுத்துத் தசைகூட நெற்றியிலும் காதிலும் காட்டும். இது தெரியாமல் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறப்பது எல்லோருக்கும் தெரியும். பகலில், வேலையில் மூழ்கியிருக்கும்போது நம்மை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். இதோடு வெந்நீர் ஒத்தடமும், சில நாள் மென்மையான உணவும் பலருக்குப் பலன் தரும்.

நடக்கும்போது தாடையோடு நெஞ்சும் வலித்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலியும், உணவை மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்.