ஒரு வருஷம் கேப் எடுப்பது பற்றி

மூன்றாம் வருஷத்தில் அரியர் குவிந்து கல்லூரிப் படிப்பு நின்றுவிட்டது, அப்பா உடனே வேறு கல்லூரியில் சேரச் சொல்கிறார், எனக்கோ ஒரு வருஷம் ஓய்வு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எடுங்கள். ஆனால் முதலில் காகிதங்களைச் சரிபாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷ பி.இ.யை முடிக்க, சேர்ந்த நாளிலிருந்து 7 வருஷம்தான் கெடு. பிரேக் ஆஃப் ஸ்டடிக்கு (படிப்பை இடையில் நிறுத்திவைக்கும் அனுமதி) முறையாக விண்ணப்பித்தாலும் அந்த இடைவெளி இந்த 7 வருஷத்துக்குள்ளேயே அடங்கும். எழுதிக் கொடுக்காமல் வராமல் நின்றுவிட்டால் திரும்பச் சேருவது பெரிய தலைவலி. ஆபீஸில் கடிதம் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக விலகுகிறீர்கள் என்றால் பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.

அப்பாவிடம் 'ஓய்வு' என்று சொன்னால் சண்டைதான் வரும் (எந்த வீட்டில்தான் வராது!). 'ஜூன் வரை வேலைக்குப் போகிறேன், அப்புறம் முடிவு' என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் பிளஸ் டூவுக்கே வேலை கிடைக்கும். இன்ஜினியரிங்கே பிடிக்கவில்லை என்றால் சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை பார்த்தபடியே டிகிரி படிக்கலாம்.

தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.