பம்பைப் பார்க்க முதல் கிணற்றைப் பார்த்தவர் – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் எழுத்துகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் ஊர் முள்ளியவளை. வன்னியில் உள்ள ஒரு தொழில்நுட்பப் பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். என் பெரியப்பாவின் மகன் அமெரிக்காவில் வூஸ்டர் பொலிடெக்னிக் என்ற பொறியியல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அங்கே ஏழு வாரம் ஒரு தவணை, ஒரு தவணைக்கு மூன்று பாடம்தான். இரண்டு பெரிய புரொஜெக்ட் செய்யாமல் பட்டம் எடுக்க முடியாது. முதலாவதுக்கு அண்ணா வெனிஸ் நகரத்துக்கே போய்வந்தார்.

இங்கே நாங்கள் லெக்சர் நோட்டையும் பாஸ் பேப்பரையும் வைத்து, சோதனைக்கு முதல் இரவுகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் குப்பி வகுப்பு நடத்திப் படிக்கிறோம். லாபில் ஒரு மெஷினைச் சுற்றிப் பதினைந்து பேர் நிற்கிறோம். எங்கள் குழுவில் நாலு பேர், வேலை செய்வது இரண்டு பேர். இறுதி வருடத்துக்கு ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் மண் ஈரப்பத சென்சாரும் வைத்துத் தானாகத் தண்ணீர் விடும் அமைப்பு ஒன்றைச் செய்வதாக இருக்கிறோம். வன்னியில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும், ஐயா? பட்டம் முடிந்ததும் அண்ணா படிப்பது போன்ற ஓர் இடத்துக்கு மேற்படிப்புக்குப் போவதா, இங்கேயே வேலை தேடுவதா?

க., முள்ளியவளை

*

அன்புள்ள பிள்ளை,

உமது கடிதம் சரியான நேரத்தில் வந்தது. போன கிழமை பரந்தனுக்குப் பக்கத்தில் வீதிக்கரையில் நெல் காயப்போட்டிருந்த ஒருவரோடு பேசிக்கொண்டு நின்றேன். கம்பஸ் பிள்ளைகள் மூன்று தடவை வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள், நெல்லோடு நின்று படமும் எடுத்தார்கள், அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் கொஞ்சம் உம்மீதும் விழும், பொறுத்துக்கொள்ளும்.

மெஷினுக்குப் பதினைந்து பேர் என்பது உண்மையான குறை. எழுத்தில் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். குழுவில் இரண்டு பேர் வேலை செய்யாதது உலகம் முழுக்க உள்ள கதை. அண்ணாவைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். வன்னியில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று எழுதினீரே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் அண்ணா படிக்கும் இடத்தைப் பற்றி. வூஸ்டர் பொலிடெக்னிக் 1865இல் தொடங்கியது. ஆரம்பத்திலேயே அங்கே இரண்டு கட்டடங்கள். ஒன்றில் பாடம் நடக்கும். மற்றது வாஷ்பர்ன் பட்டறை. காட்சிக்கு வைத்த பட்டறை அல்ல அது, விற்பனைக்குப் பொருள் செய்த உண்மையான தொழிற்சாலை. ரொக்கட் முன்னோடி கோடார்ட் 1908இல் அங்கேதான் பட்டம் பெற்றார். இன்றைக்கு உள்ள புரொஜெக்ட் முறை 1970இல் வந்தது. பாடத்தில் சித்தியடையாவிட்டால் அது பெறுபேற்றுத் தாளில் ஏறாது, அதனால் பிள்ளைகள் பயப்படாமல் கடினமான பாடங்களையும் எடுத்துப் பார்க்கிறார்கள். நம்முடைய கம்பஸ்களில் ரிப்பீட் எழுதினால் பெரும்பாலும் ஸீ தரத்துக்கு மேல் கிடைக்காது. இது நம்மவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். டென்மார்க்கில் ஓல்போர்க் என்ற ஊரிலும் 1974இலிருந்து ஒரு பல்கலைக்கழகம் புரொஜெக்டையே நடுவில் வைத்து நடக்கிறது. ஆக, அமெரிக்கப் பணம் இருந்தால்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

அந்த இரண்டு புரொஜெக்டில் கடைசி வருடத்தில் செய்வது அவரவர் துறை சார்ந்தது. அதை விடுவோம், அது எல்லா இடத்திலும் உண்டு. மூன்றாம் வருடத்தில் பொதுவாகச் செய்யும் முதலாவது புரொஜெக்டுக்கு உமது துறை எது என்பது கணக்கே இல்லை. இயந்திரவியல் பிள்ளையும் உயிரியல் பிள்ளையும் கணினிப் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பார்கள். தொழில்நுட்பமும் சனங்களின் வாழ்க்கையும் முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் விடுவார்கள். பயணத்துக்கு முதல் ஒரு தவணை முழுக்க ஆயத்தம். யாரிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது, பிரச்சினை உண்மையில் எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, இதைத்தான் படிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஏழு வாரம் களத்தில்.

வெனிஸில் அவர்களுடைய மையம் 1988இலிருந்து இருக்கிறது. அங்கே வீதி கிடையாது, கடைச் சாமான் எல்லாம் படகில்தான் வரவேண்டும். படகு கிளப்பும் அலை கட்டடங்களின் அடியை அரிக்கும். இதற்கு ஒரு புதுப் படகு எஞ்சின் வரைந்துகொண்டு வரத்தான் உமக்கும் எனக்கும் முதலில் தோன்றும். அந்தப் பிள்ளைகள் கால்வாய்க் கரையில் நின்று எந்தப் படகு எங்கே போகிறது என்று எண்ணினார்கள். பானம் ஏற்றிய படகு ஊர் முழுக்கச் சுற்றுகிறது, காய்கறிப் படகும் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சாமானை வகை பார்த்து ஏற்றாமல், போய்ச் சேரும் பகுதி பார்த்து ஏற்றினால் படகோட்டம் குறையும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த யோசனைக்கு ஒரு மெஷினும் தேவைப்படவில்லை. லாபும் தேவைப்படவில்லை.

இப்போது வன்னிக்கு வாரும்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் உமக்குத் தெரிந்திருக்கும். குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோவது பொறியியலில் பெரிய புதிர் அல்ல. ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கோடைப் பயிர்க்காலமான சிறுபோகத்தில் குளத்தின் கீழ் உள்ள வயல் முழுக்க விதைக்கத் தண்ணீர் காணாது. ஒவ்வொரு வருடமும் கூட்டம் போட்டு, இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று பார்த்துப் பங்கு பிரித்து விதைக்கிற சனங்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் உவராகிக்கொண்டும் மாசடைந்துகொண்டும் போவதும் உண்மை. இரண்டு பக்கமும் தாகம். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024இல் திறந்தார்கள். இடையில் போன வருடங்களை நினைத்துப் பாரும். அண்ணா வெனிஸுக்குப் போய்ப் படித்த பாடம் உமது கம்பஸிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் கிடந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இவ்வளவும் வன்னி மண்ணில் இருக்கும்போது வன்னியில் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

நான் வட்டக்கச்சியில் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தால் பெரிய காரியம், பெற்றோல் சொட்டுக் கணக்கில். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது பம்ப் திருத்தும் ஒருவரைப் பற்றி. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எல்லோருக்கும் அவர் அண்ணைதான்.

ஒரு ஆவணி மாதம். எங்கள் ஒழுங்கையில் மிளகாயும் கத்தரியும் வைத்திருந்த ஒரு அக்கா, எண்ணெயில் ஓடும் பம்ப் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஆளனுப்பினார். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவருக்கு முதல் வந்த இன்னொருவர் பம்பைக் கழற்றி, வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லிக் காசும் கேட்டிருந்தார். அண்ணை வந்தார். சாவிப் பெட்டியைச் சைக்கிளிலிருந்து இறக்கவே இல்லை. நேரே கிணற்றுக்குப் போனார். குனிந்து பார்த்தார். ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை முழத்தால் அளந்தார். பிறகு அக்காவிடம் கேட்கத் தொடங்கினார். எப்போதிருந்து இழுக்கவில்லை? காலையிலா பின்னேரத்திலா? முதலில் கொஞ்சம் இழுத்துவிட்டு நிற்கிறதா, தொடக்கத்திலிருந்தே இழுக்கவில்லையா? பக்கத்து வளவுக்காரர் எத்தனை மணிக்கு இறைக்கிறார்? காலையில் கொஞ்சம் இழுக்கும், பக்கத்து வளவு இறைத்து முடித்த பிறகு இழுக்காது என்றார் அக்கா.

பம்பில் ஒரு பிழையும் இல்லை. கோடையில் நீர் மட்டம் கீழே போய்விட்டது. தரையில் வைத்த பம்ப் அந்த ஆழத்திலிருந்து உறிஞ்சாது, அவ்வளவுதான். நான் உடனே, பம்பைக் கிணற்றுக்குள் இறக்கினால் என்ன என்று கேட்டேன். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்து, "புகை கீழ தங்கும், இறங்கிறவன் ஏறமாட்டான்" என்றார். கிணற்றுக் கட்டுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக நாலடி ஆழத்துக்கு அகலமாகச் சரித்து வெட்டச் சொன்னார். பம்பை அந்தப் பள்ளத்தில் இறக்கி வைத்தார். தண்ணீர் வந்தது. ஒரு சாமானும் மாற்றவில்லை. மண் வெட்டின கூலி மட்டும்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தபோது வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ பத்து மீற்றர் நீர் நிரலைத்தான் தாங்கும் என்று கணக்குச் செய்தோம். நடைமுறையில் பம்ப் ஏழு மீற்றருக்கு மேல் உறிஞ்சத் திணறும். குழாயின் உராய்வு, பொருத்துகளின் கசிவு எல்லாம் சேர்ந்துவிடும். அந்தக் கணக்கை வகுப்பில் எல்லோரும் சரியாகச் செய்தோம். எங்கள் ஊரில் கோடைக்கு வற்றும் கிணறுகளைப் பற்றி அந்த வகுப்பில் ஒரு வார்த்தை பேசப்படவில்லை. அண்ணைக்கு அந்தக் கணக்குத் தெரியாது, கிணறு தெரியும். இரண்டும் தெரிந்த ஒருவரை உருவாக்கத்தான் உம்மைப் போன்றவர்களுக்காக உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவை 2013இல் கொண்டுவந்தார்கள், தொழில்நுட்பப் பீடங்களைக் கட்டினார்கள். நீர் அந்தக் கணக்கைப் படித்தவர். கிணற்றுக்குப் போகாமல் இருக்க உமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இனி உமது ஆர்டுயினோ. யார் கேட்டது இதை? இந்த அமைப்பு வேண்டும் என்று சொன்ன ஒரு தோட்டக்காரரின் வளவை உமக்குத் தெரியுமா? நெல்லுக்கு நீர் வாய்க்கால் முறைப்படி வருகிறது. முறை வராத நாளில் மண் காய்ந்துவிட்டது என்று சென்சார் சொல்லி என்ன பயன்? கமக்காரருக்கு அது கண்ணாலேயே தெரியும். தோட்டக் கிணற்றுக்காரருக்கு உதவலாம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவர் எத்தனை மணிக்கு இறைக்கிறார், எண்ணெய்க்கு எவ்வளவு போகிறது, அவருக்கு உண்மையில் கஷ்டம் தண்ணீரா, கூலியாளா, குரங்கா, மயிலா என்று கேட்டீர்களா? கடையில் வாங்கும் மலிவான ஈரப்பத சென்சார் மண்ணில் சில கிழமை இருந்தாலே மின்னோட்டத்தால் அரித்துப்போகும். உமது செயல்முறைச் சோதனை ஒரு மணித்தியாலம். அதில் அது வேலை செய்யும், புள்ளியும் கிடைக்கும். பிறகு பெட்டிக்குள் போய்விடும். வருடா வருடம் ஒவ்வொரு அணிப் பிள்ளைகளும் இதே பெட்டியைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஒரு முழு வருடம் இப்படிப் போவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நான் சொன்ன அந்தப் பரந்தன் நெல்லையே எடும். முன்பு கையால் அறுத்து, கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்து அடித்தார்கள், அதற்குள் நெல் காய்ந்துவிடும். இப்போது மெஷின் ஒரே நாளில் வெட்டிக் கொட்டுகிறது, ஈரம் இருபது வீதத்துக்கு மேல். களஞ்சியத்தில் வைக்கப் பதினாலு வேண்டும், அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபையும் அதைத்தான் கேட்கும். மழையை நம்பி விதைக்கும் காலபோகத்தின் அறுவடையில் எல்லோரும் ஒரே கிழமையில் வெட்டுகிறார்கள். காயவைக்கத் தளம் இல்லை. மழை மேகம் வந்தால் தனியார் வியாபாரி சொன்ன விலைக்கு ஈர நெல்லைக் கொடுத்துவிட வேண்டியதுதான். இதில் பிரச்சினை உலர்த்தும் மெஷினா? தளமா? எல்லோரும் ஒரே கிழமையில் வெட்டுவதா? மெஷின் வாடகை முறையா? ஈரத்தை அளந்து பார்க்க விவசாயியின் கையில் ஒரு கருவி இல்லாததா? வியாபாரியின் அளவை அவர் நம்ப வேண்டியிருக்கிறதே, அதுவா? எனக்கு விடை தெரியாது. நாலு பேர் ஒரு தவணை முழுக்க அந்த வீதிக்கரையிலும் கமக்கார அமைப்பின் கூட்டத்திலும் வியாபாரியின் தராசுக்குப் பக்கத்திலும் நின்றால் தெரியவரும். வேலை செய்யாத அந்த இரண்டு பேரையும் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தும். சோல்டரிங்கில் சோம்பேறியாக இருப்பவன் சனங்களோடு பேசுவதில் கெட்டிக்காரனாக இருக்கலாம்.

படிவம் கொண்டுபோக வேண்டாம். முதல் நாள் ஒன்றும் எழுதவே வேண்டாம். இரண்டாம் முறை போகும்போது முதல் முறை அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லி, சரியா என்று கேளும். அவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தில்தான் உமது புரொஜெக்ட் இருக்கும். முடிந்த பிறகு அறிக்கையைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி அவரிடமே கொண்டுபோய்க் கொடும். மேற்பார்வையாளருக்குக் கொடுப்பதற்கு முதலே கொடும்.

உமது கேள்விக்கு வருகிறேன். மேற்படிப்புக்கு இடமும் புலமைப்பரிசிலும் கிடைத்தால் தாராளமாகப் போம், யார் தடுப்பது? விண்ணப்பத்தில் எழுத உம்மிடம் ஒரு உண்மையான வேலை இருக்கட்டும். வேலை விஷயம் அந்த நேரத்தில் பார்க்கலாம்.

இறுதி வருடத் தலைப்பைக் கொடுக்க இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று நீர் எழுதவில்லை. எவ்வளவு இருந்தாலும், அதற்கு முதல் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பும். அதில் ஆர்டுயினோ என்ற சொல் வரக்கூடாது. யாருக்கு, எங்கே, எந்த மாதத்தில், என்ன கஷ்டம், இப்போது அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்பது மட்டும் அவர் பேசிய மாதிரியே இருக்கட்டும். பரந்தன்காரரின் வயல் எங்கே என்று வேண்டுமானால் சொல்கிறேன், அவரிடம் நான் பேசிவைக்கிறேன்.

அன்புடன்.