அரை மணி நேரத்தில் அறிக்கையாம்!

கவனம் ஓரிடத்தில் நிலைக்காமலும் துறுதுறுப்பு அடங்காமலும் இருக்கும் ஏடிஹெச்டி நிலையை வீட்டிலிருந்தே வீடியோவில் மதிப்பிட்டுத் தருவதாக விளம்பரங்கள் பெருகிவிட்டன. அதைப் பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் உட்காருவதே இல்லை, ஏடிஹெச்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வீடியோவில் 30 நிமிட மதிப்பீடு, அன்றே அறிக்கை, 4,999 ரூபாய் என்று ஒரு செயலியில் விளம்பரம் வருகிறது. கட்டலாமா? (ஒரு தாய், முசிறி)

பதில்: வீடியோவில் பார்ப்பதில் தவறில்லை அம்மா. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் தருகின்றன. சிறுபிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது அந்த 30 நிமிடம். ஏடிஹெச்டியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் சாதுவாக இருந்துவிட்டுப் பள்ளியில் மட்டும் ஆட்டம் போடுகிறான் என்றால், அவனுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். காது மந்தமாக இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம். கண்ணையும் காதையும் முதலில் காட்டுங்கள்.

பணம் கட்டும் முன் அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வகுப்பாசிரியருக்கு வினாத்தாள் அனுப்புவீர்களா?" தேவையில்லை என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து திருச்சி அரசு மருத்துவமனைக்கு ஒரு பஸ் பயணம்தான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: எனக்கு 31 வயது. இணையத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். ஐந்தில் 'ஆம்' வந்தது. எனக்கு ஏடிஹெச்டி உறுதிதானே? (ஒசூர்)

பதில்: இல்லை. அந்த ஆறு கேள்விகள் நல்ல சல்லடை. சலித்து நின்றதை ஆராய மருத்துவர் வேண்டும். அவருடைய வீடியோ அழைப்புக்கு உங்கள் அம்மாவையும், கிடைத்தால் தொடக்கப்பள்ளி ரேங்க் கார்டுகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். 12 வயதுக்குள் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை, இப்போதைய 31 வயதுக்காரர் சொல்வதை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது.

கேள்வி: பத்து வயது மகளை 20 நிமிடம் வீடியோவில் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி என்றார்கள். 12 அமர்வுகள் கொண்ட பேக்கேஜ், இன்றே கட்டினால் 40 சதவீதம் தள்ளுபடி என்றதும் 28,000 ரூபாய் கட்டிவிட்டேன். மூன்று அமர்வுகளுக்கு மூன்று பேர் வந்தார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை. அறிக்கையில் 'மூத்த நிபுணர்' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. பள்ளியில் அதை வாங்க மறுக்கிறார்கள். (ஒரு தந்தை, விருதுநகர்)

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன் ஐயா. பிள்ளைக்கு என்னவோ என்று நெஞ்சு படபடக்கும் நேரத்தில் எதிரே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு விலை பேசியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

இந்த 'பேக்கேஜ்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கழுத்துவலிக்கு 20 நாள் பிசியோதெரபி என்று மொத்தமாகக் கட்டினேன். ஆறாம் நாள் போனால் கதவில் பூட்டு. அதற்கு முன்பு உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுக் கட்டணம். போனது ஒன்பது நாள். (அதில் ஏமாற்றியவன் நானேதான்.) காய்ச்சலுக்குப் போனால் பன்னிரண்டு காய்ச்சலுக்கு முன்பணம் கேட்கும் மருத்துவர் உண்டா? மனம் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் ஏன் கேட்கிறார்கள்? முதல் அமர்வில் பிடிக்காவிட்டாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது என்பதற்காகத்தான். மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம், பயிற்சிக்கு அமர்வுக்கு அமர்வு கட்டணம் என்று வாங்குகிறவர்களிடம் மட்டும் போங்கள். மதிப்பிடுகிறவரே பேக்கேஜும் விற்றால், 'உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்?

இனி பணத்துக்கு வருவோம். விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய ரசீது, எடுக்கப்படாத அழைப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மீதி ஒன்பது அமர்வுகளின் பணத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தராதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் விருதுநகரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அந்தப் பெயரில்லாத அறிக்கையையும் மறக்காமல் இணையுங்கள். மருத்துவரின் பெயர், தகுதி, பதிவு எண் மூன்றையும் நோயாளிக்குத் தெரிவிப்பது தொலைமருத்துவத் தளங்களின் கடமை. மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்க வேண்டும்.

பள்ளி மறுத்ததில் மட்டும் எனக்கு வருத்தமில்லை. 'மூத்த நிபுணர்' கையெழுத்துப் போட்ட தாளை நானும் வாங்க மாட்டேன்.

கேள்வி: வீடியோவில் பார்த்த மனநல மருத்துவர் ஏடிஹெச்டி என்று உறுதி செய்தார். ஆனால் அதற்குத் தரும் மீத்தைல்பெனிடேட் மருந்தை எழுதித் தர மறுத்து நேரில் வரச் சொல்கிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு மருந்து எழுதாதது சேவைக் குறைபாடு இல்லையா? (கோவை)

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களிலேயே உருப்படியான மருத்துவர் இவர்தான், அவர் மேல் புகாரா? அந்த மருந்து 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தரக் கூடாது. அடோமாக்செட்டின் போல அந்தப் பட்டியலில் இல்லாத மருந்தும் உண்டு. எது என்று முடிவு செய்வது அவர் வேலை. கேட்டதும் எழுதித் தந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவைப் பாருங்கள். இணையம் வழியாக ஏடிஹெச்டி சிகிச்சை விற்ற 'டன்' (Done) நிறுவனத்தின் நிறுவனரை 2024 ஜூனில் கைது செய்தார்கள். தேவையில்லாதவர்களுக்கும் ஊக்க மருந்து கிடைக்க வழி செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. பஸ் டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே ஏடிஹெச்டிக்குத் தரும் ஊக்க மருந்தான அடெரால் மாத்திரையைப் பார்சலில் அனுப்பச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வேண்டாம், அந்தப் பார்சலை முதலில் பிரிப்பது சுங்கத்துறையாக இருக்கும்.

கேள்வி: கையில் பணமில்லை. இலவசமாக யாரிடம் பேசுவது? (தேனி)

பதில்: 14416, டெலி மானஸ். அரசு சேவை, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போனிலேயே மதிப்பீடு முடிந்து சான்றிதழ் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்து எங்கே போவது என்று சொல்வார்கள், அதுவே பாதிப் பாரம் இறங்கிய மாதிரி.

கேள்வி: ஏடிஹெச்டி சோதனை ஒரு ரூபாய்தான் என்றார்கள், கட்டினேன். இப்போது மாதாமாதம் 999 ரூபாய் போகிறது. நான்காவது மாதம்தான் கவனித்தேன். நிபந்தனைகளை யார் படிக்கிறார்கள்? (சேலம்)

பதில்: படித்தவர்களுக்கு 3,996 ரூபாய் மிச்சம். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் போனில் குறுஞ்செய்தியைத் தேடுங்கள். அது வரவேயில்லை என்றால் வங்கியில் புகார் செய்யுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வந்தும் பார்க்கவில்லை என்றால் என்னிடம் அழாதீர்கள். இரண்டில் எதுவானாலும் வங்கிச் செயலியில் அந்தத் தானியங்கி அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள்.

இதற்கு மேல் உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. ஞாபகசக்தி வளர்க்கும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, அதை ரத்து செய்ய ஏழு மாதம் மறந்தவன் நான்.