வளையம் வரைந்தால் மட்டும் போதாது: மானுடப் புவியியல் கேள்வி–பதில்

சந்தை நகரைச் சுற்றி எந்த விளைச்சல் எவ்வளவு தூரத்தில் வரும் என்று காட்டும் வான் தூனன் வளையங்களில் காடு ஏன் இரண்டாவதாக வருகிறது? எங்கள் பக்கம் காடு மலைமேல்தானே இருக்கிறது?

அவர் 1826இல் எழுதினார். வட ஜெர்மனியில் ரோஸ்டாக் அருகே இருந்த தன் டெல்லோ பண்ணையின் வரவுசெலவுதான் அவருக்கு ஆதாரம். ஜெர்மனியில் முதல் ரயில் ஓடியதே 1835இல். அடுப்புக்கும் குளிர்காயவும் விறகு, வீடு கட்ட மரம் எல்லாமே குதிரை வண்டியில் வரவேண்டும். கனமான, விலை குறைந்த சரக்கைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அழுகும் காய்கறியும் பாலும் முதல் வளையத்தை எடுத்துக்கொள்ள, அதற்கு வெளியே காடு நின்றது. தேர்வு விடையில் இந்தக் காலச் சூழலை ஒரு வரி எழுதுங்கள். அது இல்லாவிட்டால் காட்டின் இடம் புதிராகவே இருக்கும்.

வளையத்தின் எல்லையைக் கணக்கில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிக மதிப்பெண் போவது இங்கேதான். முதலில் டன்னுக்கான சந்தை விலையிலிருந்து உற்பத்திச் செலவைக் கழித்து, விளைச்சலால் பெருக்குங்கள். அதிலிருந்து விளைச்சல் × வண்டிக்கூலி × தூரத்தைக் கழித்தால் அந்த இடத்தில் நிலம் தரும் வாரம், அதாவது ஒரு ஹெக்டேரில் மிஞ்சும் வருமானம், கிடைக்கும்.

காய்கறி ஹெக்டேருக்கு 10 டன் விளைகிறது, டன்னுக்கு 500 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். தானியம் 2 டன், டன்னுக்கு 1,500 ரூபாய் மிச்சம். இரண்டுக்கும் கூலி டன்னுக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய். சந்தை வாசலில் காய்கறியின் வாரம் 5,000. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 100 குறைந்து, 50ஆவது கிலோமீட்டரில் பூஜ்யமாகும். தானியத்துக்கு வாசலில் 3,000. கிலோமீட்டருக்கு 20தான் குறையும். 150 கிலோமீட்டர் வரை தாங்கும்.

காய்கறி வளையம் 50இல் முடிகிறது என்று எழுதினால் தவறு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் 25ஆவது கிலோமீட்டர்தான் எல்லை. அங்கே இரண்டின் வாரமும் 2,500. அதைத் தாண்டினால் காய்கறியில் இன்னும் லாபம் இருக்கும், ஆனால் தானியத்தில் அதைவிட அதிகம். வரைபடத்தில் இரு கோடுகளையும் அளவோடு போட்டு, வெட்டும் புள்ளியிலிருந்து கீழே செங்குத்தாக ஒரு கோடு இறக்கிக் காட்டுங்கள்.

ஊர்களின் படிநிலையைச் சொல்லும் கிறிஸ்டாலரின் கோட்பாட்டில் கே = 3 என்றால் ஒரு பெரிய ஊருக்குக் கீழே மூன்று சிற்றூர்களா?

இல்லை, இரண்டு. ஒரு பெரிய ஊரின் சந்தைப் பரப்பு எத்தனை சிற்றூர்ச் சந்தைப் பரப்புக்குச் சமம் என்பதே கே. அவர் 1933இல் தென் ஜெர்மனியை வைத்துச் சொன்ன சந்தைக் கொள்கையில், பெரிய ஊரின் சந்தைப் பரப்பான அறுகோணத்தின் ஆறு மூலைகளிலும் சிற்றூர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூன்று பெரிய ஊர்கள் பங்கு போடுகின்றன. ஆறு மூன்றில்-ஒரு பங்கு சேர்ந்தால் 2; பெரிய ஊரும் தன்னளவில் ஒரு சிறு சந்தை என்பதால் 3. ஆகவே சந்தைப் பரப்புகள் 1, 3, 9, 27 என்று பெருகும். ஊர்களின் எண்ணிக்கை 1, 2, 6, 18 என்று போகும். இந்த இரண்டு வரிசைகளையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். போக்குவரத்துக் கொள்கையில் சிற்றூர் பக்கத்தின் நடுவில், அரைப் பங்காக: 1 + 3 = 4. நிர்வாகக் கொள்கையில் ஆறும் முழுசாக உள்ளே: 7. ஒரு தாலுகாவை இரண்டு மாவட்டங்கள் பங்கு போட முடியாதல்லவா?

ஆலை எங்கே அமையும் என்று சொல்லும் வெபரின் மூலப்பொருள் குறியீட்டுக்கு (மூலப்பொருளின் எடை ÷ செய்த பொருளின் எடை) நல்ல எடுத்துக்காட்டு?

சர்க்கரை ஆலை. ஏறத்தாழ 10 டன் கரும்புக்கு 1 டன் சர்க்கரை, குறியீடு 10. ஒன்றுக்கு மேல் போனால் ஆலை மூலப்பொருளை நோக்கி நகரும். வெட்டிய கரும்பில் சர்க்கரைச் சத்து நாளுக்கு நாள் இறங்குவதும், சக்கையே கொதிகலனுக்கு எரிபொருளாவதும் கூடுதல் காரணங்கள். எங்கும் கிடைக்கும் தண்ணீரை மூலப்பொருள் எடையில் சேர்க்காதீர்கள். குளிர்பானத்துக்கு அதைச் சேர்த்துவிட்டால் சந்தையோரம் நிற்கவேண்டிய ஆலை இடம் மாறிவிடும்.

நகரம் மையத்திலிருந்து வளையம் வளையமாக வளரும் என்ற பர்ஜெஸ் மாதிரிக்கு மதுரையை எடுத்துக்காட்டாக எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி வீதிகள் அடுக்கடுக்காக இருப்பதால் ஒற்றுமை தெரிகிறது. ஆனால் பர்ஜெஸ் 1925இல் சிகாகோவுக்குச் சொன்னது வேறு: புதிதாகக் குடியேறுவோர் மையத்தை ஒட்டிய மலிவான வீடுகளில் தங்க, வசதி வந்தவர்கள் வெளிவட்டத்துக்கு நகர்கிறார்கள். மதுரையில் வீதிகளை அமைத்தது கோயிலும் தேரோட்டமும். வடிவம் ஒன்றாக இருந்தாலும் அதை உண்டாக்கிய காரணம் வேறு. தொழில்மயத்துக்கு முந்தைய நகரில் செல்வாக்குள்ளவர்கள் மையத்தில் வாழ்ந்தார்கள் என்ற ஷோபெர்க்கின் 1960ஆம் ஆண்டுக் கருத்தோடு ஒப்பிட்டால் விடை வலுக்கும்.

இரண்டு ஊர்களின் வணிக எல்லையை, அதாவது வாடிக்கையாளர்கள் இந்த ஊர், அந்த ஊர் என்று பிரியும் இடத்தை, எப்படிக் கண்டுபிடிப்பது?

இடைத்தூரம் 60 கிலோமீட்டர், மக்கள்தொகை 4 லட்சம், 1 லட்சம் என்றால்: 4ஐ 1ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 2. அதோடு 1 கூட்டி 60ஐ வகுத்தால் 20. இது சின்ன ஊரிலிருந்து அளக்க வேண்டிய தூரம். வர்க்கமூலத்தை விட்டுவிட்டால் 12 என்று வரும்.

பிறப்பு விகிதம் 35, இறப்பு விகிதம் 15. வளர்ச்சி 20 சதவீதமா?

2 சதவீதம். இரண்டும் ஆயிரம் பேருக்கான எண்கள். வித்தியாசத்தை 10ஆல் வகுக்க வேண்டும். இதே வேகம் நீடித்தால் மக்கள்தொகை இரட்டிப்பாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும்.