இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுக்கமான படகில் நாயோடு வாழ்வது எப்படி இருக்கும்? அன்றாடம் என்னென்ன வேலை இருக்கும்?

நானும் என் கணவரும் எங்கள் நாய் மணியும் இப்படித்தான் வாழ்கிறோம். மணி காப்பகத்திலிருந்து எடுத்து வந்த டெரியர் கலப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாய்க்கு இந்த வாழ்க்கை ரொம்பப் பிடிக்கும். வேலை முழுக்க நமக்குத்தான். அந்த வேலையை மனதார ஏற்றுக்கொள்பவர்கள் மட்டும் வாருங்கள்.

நேரோபோட் 6 அடி 10 அங்குல அகலமுள்ள இரும்புப் படகு. பழைய கால்வாய்களில் படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் உள்ள லாக் என்ற தொட்டிகள் பலவும் 7 அடி அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குள் நுழைவதற்காகவே இந்த அளவு. எங்கள் படகு 50 அடி நீளம். படுக்கை, அடுப்படி, குளியலறை, இன்ஜின் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நடக்க ஒற்றை வழிதான். அந்த வழியில் குறுக்கே படுப்பதுதான் மணிக்குப் பிடித்தது. அதனால் நாய் வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்வேன்: உங்களால் ஒரே கையால் தூக்க முடிகிற எடையில் பாருங்கள். படகுக்குள் இறங்கும் படி செங்குத்தாக இருக்கும். வயதான பெரிய நாய்க்கு அது தினமும் வேதனை.

எங்களுக்கு நிரந்தரமாகப் படகைக் கட்டி நிறுத்தும் இடம் கிடையாது. அப்படி இடம் இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழியைப் பராமரிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். படகுக்கான உரிமம் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து உரிமத்தில் கூடுதல் கட்டணமும் உண்டு. நகர்ந்துகொண்டே இருப்பதால் நாய்க்கு வரும் முதல் சிக்கல் முகவரி. 2016 முதல் இங்கே நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். அதில் பதிவதற்கு நிலையான முகவரி வேண்டும். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறோம். கழுத்துப் பட்டையில் கைபேசி எண்ணோடு படகின் பெயரும் பொறித்திருக்கிறோம். கரையில் திரியும் நாயைப் பார்த்தால் இங்கே எல்லோரும் முதலில் தேடுவது படகின் பெயரைத்தான். புதிய ஊருக்குப் போனதும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே பக்கத்தில் கால்நடை மருத்துவர் யார் என்று பார்த்து வைத்துவிடுவேன்.

கால்வாயில் உச்சவேகம் மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் அடுப்பில் இருக்கும் பாத்திரம் ஆடும். கிட்டத்தட்ட நடை வேகம்தான் என்பதால் ஒருவர் சுக்கான் பிடிக்க, இன்னொருவர் மணியோடு கரையோரப் பாதையில் நடந்தே வரலாம். அந்தக் காலத்தில் படகை இழுத்த குதிரைகள் நடந்த தடம் அது. நாயை வெளியே கூட்டிப் போவது என்று இங்கே தனி வேலை இல்லை. பயணமே அதுதான். வீட்டில் இருந்த காலத்தில் மணிக்கு இவ்வளவு நடை கிடைத்ததே இல்லை.

ஆபத்து என்று பார்த்தால் லாக்தான். ஏற்ற இறக்கமுள்ள நிலத்தில் படகை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய தொட்டி அது. இரண்டு முனையிலும் கனத்த கதவு. கீழே இறங்க வேண்டுமென்றால் நிரம்பிய தொட்டிக்குள் படகை விட்டு, பின்னால் கதவைச் சாத்தி, முன்னால் உள்ள மதகுகளை விண்ட்லாஸ் என்ற இரும்புக் கைப்பிடியால் சுற்றித் திறப்போம். தண்ணீர் வடிய வடியப் படகு இறங்கும். மேல்கதவின் அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். படகின் பின்பகுதி அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகே மூழ்கிவிடும். திட்டு எதுவரை வருகிறது என்று காட்டச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். சுக்கான் பிடிப்பவரின் கண் அந்தக் கோட்டை விட்டு நகரக் கூடாது. அந்த நேரத்தில் நாயைக் கவனிக்க அவரால் முடியாது.

சற்று முன்பு கரைக்குச் சமமாக இருந்த படகுக் கூரை இப்போது எட்டடிப் பள்ளத்தில் இருக்கும். கரையில் நிற்கும் நாய் அதை எதிர்பார்க்காது, தாவிவிடும். இன்னொன்று, மதகு திறப்பவர் கதவின் மேலுள்ள குறுகிய பலகை வழியாக எதிர்க்கரைக்குப் போவார். நாயும் பின்னாலேயே வரும். அந்தப் பலகை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் பள்ளம். எல்லாவற்றையும்விட மோசம், படகில் இருக்கும் நாயின் கயிற்றைக் கரையில் கட்டுவது. படகு இறங்க இறங்கக் கயிறு கழுத்தை இறுக்கும். எங்கள் வழக்கம் ஒன்றுதான்: லாக் கண்ணில் பட்டதும் மணி உள்ளே, கதவு மூடல். கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் டிவைசஸ் ஊர் அருகே கேன் ஹில் இருக்கிறது. 2 மைல் தூரத்தில் 29 லாக். அதில் 16 ஒரே நேர்க்கோட்டில் குன்றேறும். மொத்த ஏற்றம் 72 மீட்டர். கடந்து முடிக்க அரைநாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் மணியை அடைத்து வைக்க மனம் வராது. அங்கே போகும்போது யாராவது நண்பரை வரச்சொல்லி, அவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிடுவோம்.

வேல்ஸில் உள்ள பொன்ட்கசுல்த்தே நீர்ப்பாலத்திலும் இதே கண்டிப்புதான். 1805-இல் திறந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீள வார்ப்பிரும்புத் தொட்டியில் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பி வேலி உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். அதற்கு அப்பால் வெறும் காற்று. அவ்வளவு அழகான இடத்தை மணி ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கால்வாயோரம் வாழும் நாய் என்றைக்காவது தண்ணீரில் விழும். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான். ஆனால் கரையில் பல இடங்களில் இரும்புத் தகடு நேர்குத்தாக அடித்திருப்பதால் நாயால் ஏற முடியாது. நீந்தி நீந்தியே களைத்துவிடும். முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை வாங்குங்கள். படகுக் கொக்கியை அந்தக் கைப்பிடியில் மாட்டி இழுத்து, குனிந்து ஒரே தூக்காகத் தூக்கிவிடலாம். அதற்கு முன்னால், விழுந்த சத்தம் கேட்ட நொடியே இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். படகின் அடியில் அதைத் தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். விழுந்து எழுந்த நாயை நல்ல தண்ணீரில் கழுவுவது முக்கியம். கால்வாயில் எலி உண்டு, எலிக்காய்ச்சல் கிருமியும் உண்டு. அதற்கான தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடுகிறோம். கோடையில் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் நாயை நெருங்கவே விடாதீர்கள். அந்த நீலப்பச்சைப் பாசி நாயைக் கொல்லக்கூடியது.

தண்ணீர் தொட்டியில் இருக்கும் வரைதான். தீர்ந்தால் குழாய் உள்ள இடம்வரை படகை ஓட்ட வேண்டும். கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் நம் வேலைதான். நவம்பரிலிருந்து கரைப்பாதை ஒரே சேறு. மணியின் நான்கு காலையும் வாசலிலேயே ஒரு கிண்ணம் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்துத்தான் உள்ளே விடுவேன். ஒரு நாளில் மூன்று நடை என்றால் மூன்று கழுவல். உள்ளே கரி அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் சுருண்டு படுத்து, ஈர மயிரிலிருந்து ஆவி கிளம்பக் கிளம்பத் தூங்குவான். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அந்த அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. 2019 முதல் படகில் அது கட்டாயமும்கூட.

கோடையில் வேறு பாடு. இரும்புக் கூரை வெயிலில் சுடும். மர நிழலில் படகைக் கட்டினால் நாய்க்குக் குளுமை, ஆனால் சோலார் தகட்டுக்கு வெயில் கிடைக்காது. பேட்டரி இறங்கி ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். நாங்கள் நிழலைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். பால் கெட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

தூண்டில்காரர்கள் இருக்கும் இடத்தில் கயிற்றை இறுக்கிப் பிடியுங்கள். அவர்கள் பக்கத்தில் திறந்து வைத்திருக்கும் புழு டப்பா மணிக்கு விருந்து. புல்லில் யாரோ விட்டுப்போன தூண்டில் முள் அதைவிட ஆபத்து. வசந்தத்தில் குஞ்சோடு இருக்கும் அன்னம் வழி விடாது. நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

படகு வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பலவும் நாயை அனுமதிக்கின்றன. ஜூலையில் எடுக்காதீர்கள், அப்போது யாருக்கும் பிடித்துவிடும். மார்ச்சிலோ அக்டோபர் கடைசியிலோ எடுங்கள். சேறு, குளிர், சீக்கிரம் இருட்டும் மாலை, அதற்கு நடுவே நாயின் கடைசி நடை எல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். நாயையும் கவனியுங்கள். இரண்டாம் நாளே இன்ஜின் சத்தத்தில் தூங்கிவிட்டால் கவலையில்லை. வாரம் முழுக்க நடுங்கிக்கொண்டே இருந்தால், அதற்காகவாவது வீட்டிலேயே இருங்கள்.