கூரை வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு தகடு உடைந்துவிட்டது. ஆணி வரிசையில் கால் வைத்து நடந்தால் தாங்குமா?

தாங்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆணிக்குக் கீழே சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் கால் ஒரு சாண் விலகினாலே தகடு பிளந்துவிடும். பாசி படிந்துவிட்டால் வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் தகடும் கண்ணுக்குத் தெரியாது. சட்டங்களின் மேல் குறுக்காகப் படியும் நீளப் பலகைகளைப் போட்டு, அவற்றின் மேல் மட்டும் நகருங்கள். தகட்டை நனைத்து, மேலும் உடைக்காமல் இறக்குங்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கேள்வி: கோயில் மண்டபக் கூரை வேலைக்குப் போகும் என் மகனுக்குக் குத்தகையாளர் பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருக்கிறார். அது போதும்தானே?

போதாது. பெல்ட்டின் கொக்கி எதில் மாட்டப்படுகிறது என்பதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பார்த்த கூரைகளில், தொழிலாளி பெல்ட்டை ஒழுங்காக அணிந்திருப்பார். கொக்கியோ மழைநீர்த் தகரத்திலோ, துருப்பிடித்த குழாயிலோ, பல வேளைகளில் அவருடைய இடுப்பிலேயோ தொங்கிக்கொண்டிருக்கும். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட், விழும் வேகத்தை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறக்கும் என்பதால், தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும். அதுவும் எல்லா உயரத்திலும் காக்காது. ஏறக்குறைய 2 மீட்டர் கயிறு, கயிற்றிலுள்ள அதிர்ச்சி தாங்கி விழும்போது விரியும் ஒரு மீட்டருக்கு மேலான நீளம், ஆளின் உயரம் ஆகியவற்றைக் கூட்டினால், கொக்கிக்குக் கீழே 5, 6 மீட்டர் வெற்றிடம் தேவைப்படும். ஒற்றை மாடி மண்டபத்தில் கயிறு இறுகுவதற்குள் ஆள் தரையில் இருப்பார். அங்கே சாரமும் ஓரத் தடுப்பும் கட்டச் சொல்லுங்கள். செலவு என்று குத்தகையாளர் முகம் சுளித்தால் மகனை அனுப்பாதீர்கள்.

கேள்வி: கணவர் நேற்றுக் கூரையிலிருந்து விழுந்தார். எழுந்து நடந்தார், இன்று தலைவலியும் வாந்தியும். என்ன மருந்து கொடுக்கலாம்?

அம்மா, கடிதம் எழுதிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். உடனே கிளம்புங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், அசைக்காமல் வைத்து 999-ஐ அழையுங்கள்.

கேள்வி: நாள் கூலிக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) உண்டா?

உண்டு. நாள் கூலி என்பது பதிவு செய்யாமலிருக்கச் சாக்கல்ல. விபத்தை 48 மணி நேரத்திற்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாளாவது இருந்தால், சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். விடுப்புச் சீட்டைத் தொலைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: தகரம் ஈரமாக இருந்தாலும் ஏறச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

மறுக்கலாம். உடனடி ஆபத்து இருப்பதைச் சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், தொழிலாளி விலகி நிற்கும் உரிமை 2024 ஜூன் முதல் சட்டத்திலேயே உள்ளது.