கிளிப் எடுத்துத் தரும் பாப்பாவுக்கு அட்டை வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம் ஆகிறது. மாடியில் துணி காயப்போடும்போது கூடவே வந்து கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறாள். காக்கையைப் பார்த்தால் 'கா' என்கிறாள். கோழி, புறா, மயில் படம் எல்லாமே அவளுக்குக் 'கா'தான். போன வாரம் பொம்மைக்கு இட்லி ஊட்டி, அதன் வாயையும் துடைத்துவிட்டாள். பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நண்பரின் பையன், இதே வயதுதான், அட்டையைக் காட்டினால் எந்த நாட்டுக் கொடி என்று சொல்கிறான். எங்கள் பாப்பாவின் திறமையை நாங்கள் வீணாக்குகிறோமோ? அட்டை வாங்கிப் பழக்கலாமா, வகுப்பில் சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: அட்டை தேவையில்லை. வகுப்பும் இப்போதைக்கு வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன், அந்தக் கிளிப்பைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமாசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகள் முன்னால் கிட்டத்தட்ட இதையேதான் செய்து பார்த்தார்கள். ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒருவர் கொடியில் துணி காயப்போடுவார். கிளிப் கைதவறி விழும். எட்டி எடுக்கப் பார்ப்பார், எட்டாது. குழந்தைகள் பலர், யாரும் கேட்காமலே போய் எடுத்துக் கொடுத்தார்கள். அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே கீழே எறிந்தபோது பெரும்பாலும் எடுத்துத் தரவில்லை. கைதவறி விழுந்தது எது, வேண்டாம் என்று போட்டது எது என்று அந்த வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் கை அசைவை மட்டும் அவள் பார்க்கவில்லை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறாள்.

கிளிப் தரும்போது கொஞ்சம் குனிந்து அவள் கையைக் கவனியுங்கள். கூடையிலிருந்து ஒன்றே ஒன்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்து எடுப்பாள். நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நீங்கள் கை நீட்டும்வரை காத்திருப்பாள். நீங்கள் பிடித்ததும் விடுவாள். ஒரு வயது வாக்கில் 'குடு' என்றால் நீட்டியிருப்பாள், கையை விட்டிருக்க மாட்டாள், ஞாபகம் இருக்கிறதா? பிடிப்பதைவிட, சரியான நேரத்தில் விடுவது குழந்தைகளுக்குப் பிற்பாடுதான் வருகிறது. இத்தனை மாதமாக அவள் இதைத்தான் பயிற்சி செய்து வந்திருக்கிறாள்.

அப்புறம் அந்தக் 'கா'. இதைத் தவறு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அலகு, இறகு, இரண்டு கால் எல்லாவற்றையும் சேர்த்து அவளாகவே ஒரு கூட்டம் பிரித்து, கையில் இருக்கும் ஒரே பெயரை அதற்கு வைத்திருக்கிறாள். நாய்க்கும் பூனைக்கும் அதைச் சொல்வதாக நீங்கள் எழுதவில்லை. இன்னொன்றும் செய்து பாருங்கள். காக்கை படம், கோழி படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கோழி எங்க?' என்று கேளுங்கள். வாயில் 'கா' என்று சொல்லும் குழந்தைகள் பலர் விரலைச் சரியாகக் கோழி மேல் வைப்பார்கள். இந்த வயதில் புரிந்த சொல் நிறைய இருக்கும், வாயில் வருவது கொஞ்சம்தான். அவள் கோழியைக் காட்டி 'கா' என்றால் 'இல்ல, தப்பு' வேண்டாம். 'ஆமா, கோழி! கோழி குப்பையைக் கிளறுது பாரு' என்றால் போதும். அவள் கண் எதன் மேல் இருக்கிறதோ, அந்த நொடியில் அதன் பெயரைச் சொன்னால் சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கொடி அட்டையில் இது குறைவு. அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் முடிவு செய்கிறோம், குழந்தை பின்னால் வருகிறது.

நண்பரின் பையனும் கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. அவனுக்கு நல்ல ஞாபகசக்தி. ஆனால் பொம்மைக்கு இட்லி ஊட்டியது அதைவிடப் பெரிய விஷயம் என்று நான் அடித்துச் சொல்வேன். பொம்மை சாப்பிடாது, அதற்குப் பசியும் இல்லை. இல்லாததை இருப்பதாக வைத்து விளையாடுவதும், ஒரு ஒலியை ஒரு பொருளுக்குப் பதிலாக வைப்பதும் நெருங்கிய திறன்கள். இந்த விளையாட்டு வரும் காலத்தில்தான் பேச்சும் வேகம் எடுக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவி செய்ததற்கு மிட்டாயோ பொம்மையோ தராதீர்கள். கிளிப் ஆய்வைச் செய்த அதே இருவரும் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உதவிக்குப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், எதுவும் வாங்காத குழந்தைகளையும், வெறும் பாராட்டு பெற்றவர்களையும்விடப் பின்னால் குறைவாகவே உதவினார்கள். 'ரொம்ப நன்றி தங்கம்' என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள், அது போதும். சொந்தக்காரர்கள் வந்ததும் 'கா சொல்லு, வணக்கம் வை' என்று நிறுத்தி வைப்பதையும் குறைத்துக்கொள்ளலாம்.

பதிலாக வீட்டு வேலையில் இடம் கொடுங்கள். வெங்காயத்தைக் கூடையில் போடட்டும், கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரட்டும், மடித்த துணியில் 'அப்பா சட்டை எது?' என்று தேடட்டும். வேலை முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும், அது பரவாயில்லை. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி மட்டும் கைக்கு எட்டக் கூடாது. கொடிகளைக் கற்றுத் தரும் செல்போன் செயலிகளும் வேண்டாம். சொந்தங்களோடு எப்போதாவது வீடியோ கால் பேசுவது தவிர, 2 வயதுவரை திரையே கூடாது என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும்.

நீங்கள் எழுதியதில் கவலைப்பட எதுவும் தெரியவில்லை. ஆனாலும் சிலவற்றைப் பார்த்து வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? பிடித்ததை விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? 2 வயதில் 'அம்மா வா', 'பால் வேணாம்' மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொன்ன சொற்களையே விட்டுவிட்டாள் என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 'மரம்' 'மயம்' ஆவதும் 'ழ' வராததும் இந்த வயதில் சகஜம்.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, சொல், எதைப் பார்த்துச் சொன்னாள், இவ்வளவு போதும். ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால் 'கா'வும் ஒரு சொல்தான், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்து மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதில் பதில் இருக்கும். முதல் வரியாகக் 'கா: காக்கா, கோழி, புறா, மயில்' என்று இன்றைக்கே எழுதி, எதிரே கொஞ்சம் இடம் விடுங்கள். கோழிக்குத் தனிப் பெயர் வரும் நாளில் அங்கே தேதி போடலாம்.